முருகானந்தம் உயிரோடு இருக்கும் வரை

கூக்கால் குழந்தைவேலுக்கு அரசாங்கத்திடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

"என் நெலத்த என் மக நதியாவுக்கு எழுதி வைக்கணும்ங்க."

காலை பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வரும்போது பூம்பாறை வளைவுகளில் எல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு கோணலும் தட்டுப்படவில்லை. அங்கேதான் மனுஷன் ஏமாந்தார். கோணல் இல்லாத வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகம் எப்படிப் பிழைக்கும்?

அவருக்கு அவசரம் இருந்தது. நெஞ்சில் அடைப்பு என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஐப்பசியில் ஆபரேஷன். "பொழைச்சிருவேனா சார்?" என்று கேட்டதற்கு டாக்டர் விரலை மேலே காட்டினார். குழந்தைவேல் நிமிர்ந்து பார்த்தார். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

நதியா அவர் பெற்ற பெண் இல்லை. பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து பூண்டு பறிக்க வந்த ஒருத்தி, கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனாள். குழந்தைவேலின் மனைவி ராக்கம்மா அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தத்து என்று எதுவும் எழுதவில்லை. மடியில் போட்டுக்கொள்வதற்குப் பத்திரம் வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ராக்கம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குச் சோறும் மாத்திரையும் கொடுப்பவள் நதியாதான். சரிவில் படிப்படியாக இறங்கும் பூண்டுக் காட்டில் களை எடுப்பதும் தண்ணீர் கட்டுவதும் அவள்தான். ஆனால் குழந்தைவேல் கண்ணை மூடினால் காடு சட்டப்படி அண்ணன் மகன் முருகானந்தத்துக்குப் போய்விடும். அவனோ அங்கே டூரிஸ்டுகளுக்கு டென்ட் போட ஒருவனிடம் வாக்கே கொடுத்துவிட்டான். அப்போ நதியா எங்கே போவாள் என்று ஊரில் யாரோ கேட்டதற்கு, "டென்ட்ட கூட்டிப் பெருக்க ஆள் வேணும்ல" என்றானாம்.

உயில் எழுதி வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். உயில் எழுதியவன் எழுந்து வந்து சாட்சி சொல்ல முடியாது, முருகானந்தம் கோர்ட்டுக்கு இழுப்பான், உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள் என்றார் பத்திர எழுத்தர். அது நியாயமாகப் பட்டது.

முன்பெல்லாம் பத்திரம் பதிய ஒரு காலைப்பொழுது போதும். இப்போது மேல்மலை ஊர்களுக்கு மட்டும் முன்னோடித் திட்டமாக 'உரிமைப் பகுப்பு அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். மக்கள் எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே நிலத்தைக் கொடுத்துவிடுகிறார்களாம். எதைக் கொடுக்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, அதனாலேயே கொடுக்க முடியாமல் போவதற்கு இந்த ஏற்பாடு.

பழைய வெள்ளைக்காரன் பங்களா அது. கணப்புக்கு முன்னால் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருந்தார் உரிமைப் பகுப்பு அலுவலர் சிவராமன். நதியாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெறப்போகிறவர் உள்ளே வந்தால் கொடுப்பவர் மனம் கலங்கிவிடும் என்பது விதி.

குழந்தைவேல் தன் வாக்கியத்தைச் சொன்னார். சிவராமன் கண்ணை மூடிக் கேட்டார்.

"பெரியவரே, நிலம்னா என்ன?"

"மண்ணுங்க."

"தப்பு. மண் விவசாயத் துறை. இங்க நிலம்னா உரிமை." அவர் பார்வை குழந்தைவேலின் பையில் விழுந்தது. சும்மா கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது என்று கொண்டுவந்த பூண்டு உள்ளே இருந்தது. "ஒண்ணு எடுங்க."

பெரிய பூண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். சிவராமன் அதை மேசையில் வைத்து உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினார். பற்கள் சிதறின. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்தார்.

"இது அனுபவிக்கிற உரிமை. இது விக்கிற உரிமை. இது அடமானம் வைக்கிற உரிமை. இது வழிநடை. இது தண்ணிப் பாத்தியம். இது உங்க காலத்துக்குப் பிறகு பிறக்கப்போற உரிமை. இந்தச் சின்னது இருக்கே, இது பிறக்காமலே போகக்கூடிய உரிமை. இதுல எதைக் குடுக்கிறீங்க?"

"முழுப் பூண்டையும் குடுத்துர்றேங்க."

"முழுப் பூண்டு எங்க இருக்கு இப்போ?"

குழந்தைவேல் மேசையைப் பார்த்தார். தோல்தான் கிடந்தது.

"பாத்தீங்களா? இத்தனை வருஷமா முழுசுன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க. அறியாமை. வகுப்புக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, சிவராமன் பற்களை எல்லாம் கூட்டி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார். பகுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு அங்கே விதி இல்லை.

வகுப்புக்குப் பெயர் உரிமை உணர்வு வகுப்பு. அதில் தேறாதவர்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே கொடுக்க முடியாது. சுவர் நிறையப் படம். சிவராமன் கையில் பிரம்பு இருந்தது, படத்தைக் காட்டத்தான். வகுப்பில் வெற்றிக்கதைகள் சொன்னார். கந்தம்மாள் என்ற அம்மாள் தன் வீட்டை இரண்டு மகன்களுக்கும் பிரிபடாத பங்காகக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு செங்கல்லிலும் இருவருக்கும் பாதிப் பாதி. அதனால் இவன் சம்மதம் இல்லாமல் அவன் ஓடு மாற்ற முடியாது. மழைக்காலத்தில் வீடு முழுக்க ஒழுகுகிறது, ஆனால் பாரபட்சம் இல்லாமல் ஒழுகுகிறது. பெரும்பாறையில் ஓர் அப்பா, மகன் குடிக்காமல் இருக்கும் வரை ஆரஞ்சுத் தோட்டம் மகனுக்கு, குடித்தால் கோயிலுக்கு என்று நிபந்தனை உரிமை எழுதியிருக்கிறார். கோயில் கமிட்டித் தலைவர் இப்போது தினமும் சாயங்காலம் அந்த மகனைத் தோளில் கை போட்டு டாஸ்மாக்குக்கு அழைத்துப் போகிறார். சட்டம் இப்படி உயிரோட்டமாக இருப்பதைப் பார்க்கும்போது தனக்குக் கண்ணே கலங்குகிறது என்றார் சிவராமன். உண்மையிலேயே கலங்கியிருந்தது. பகுத்த பூண்டு வேலை செய்திருக்கலாம்.

குழந்தைவேலுக்கு எதுவும் ஏறவில்லை. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. படி ஏறினால் மூச்சு முட்டியது. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் நதியா கையைப் பிடித்து உட்காரவைப்பாள். "என்னப்பா சொன்னாக?" என்பாள். "இன்னும் நமக்கு வெளங்கலயாம் தாயி" என்பார். கூக்காலுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அவரால் ஓட முடியாது என்பதால் நதியா முன்னால் ஓடி பஸ்ஸை நிறுத்தி வைப்பாள்.

ஒருவழியாகத் தேறினார். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் 'பகுத்துப் பார்த்தால் தெரியும்' என்று சொல்லச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவர் யோசனை கொடுத்தார். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். வகுப்பிலேயே முதல் ஆளாக வந்தார்.

அடுத்தது கம்ப்யூட்டர். அதன் முன்னால் சௌம்யா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண்தான்.

"பெறுபவர் உறவு என்னங்க ஐயா?"

"மகம்மா."

"பெத்த மகளா?"

"வளத்த மக."

அவள் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். "வளர்த்தது இதுல இல்லைங்க ஐயா. 'பிற'ன்னுதான் வருது."

இருபத்தைந்து வருஷம் நெஞ்சில் போட்டு வளர்த்த பெண் ஒரு தட்டில் 'பிற' ஆகிப்போனாள். பிறருக்கு முழு உரிமை கொடுக்க இந்த அலுவலகத்தில் இடம் இல்லை, அளவுரிமைதான் கொடுக்கலாம் என்றார் சிவராமன்.

"அப்படின்னா என்னங்க?"

"ஒரு ஆயுளை அளவா வச்சுக்கணும். அந்த ஆயுள் இருக்கிற வரைக்கும் நிலம் உங்க மகளுக்கு. ஒருத்தரும் அசைக்க முடியாது. ஆயுள் முடிஞ்சா மிச்ச உரிமை உங்க சட்டப்படியான வாரிசுக்குத் திரும்பிடும்."

"என் ஆயுச வச்சுக்கிருங்க."

சிவராமன் மதுரை டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல அடைப்பு இருக்கே. பழுதான படியை வச்சு அளக்கக் கூடாது. வேற ஆயுள் சொல்லுங்க. மகளோடதே சொல்லலாம். வழக்கமா அதுதான் எழுதுவோம்."

இந்த இடத்தில், பாவம், அரசாங்கம் அவருக்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்தது. குழந்தைவேல் அதைத் தன் கையாலேயே சாத்தினார். ராக்கம்மாவுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஆசை ஆசையாக ஜாதகம் எழுதினார்கள். ஆயுசு கெட்டி என்று அதில் எழுதியிருந்தது. இரண்டும் தங்கவில்லை. மேலே இருப்பவன் படித்துப் பார்த்துவிட்டான் என்றாள் ராக்கம்மா. அதனால்தான் நதியாவுக்கு ஜாதகம் கிடையாது. பிறந்தநாள் கொண்டாடியது கிடையாது. வயது கேட்டால்கூட, "இருக்கும் ஒரு வயசு" என்பார்கள் கூக்காலில். பிள்ளை ஆயுசை வாய்விட்டு அளக்கிறவன் அந்த ஊரில் அப்பன் இல்லை.

"எம்புள்ள ஆயுச ரெஜிஸ்தர்ல ஏத்தச் சொல்றீகளா? வேணாம் சாமி. ஆகாது."

"அப்போ உங்க பக்கத்துல வேற ஆரோக்கியமான ஆயுள்?"

கண் பட்டாலும் பட்டுத் தொலையட்டும் என்று நினைக்கக்கூடிய ஆயுள் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

"எங்க அண்ணன் மகன் முருகானந்தம்ங்க. முப்பத்தஞ்சு இருக்கும். கல்லத் தின்னாலும் செரிக்கும். எமனே அவங்கிட்ட கடன் சொல்லிட்டுத்தான் போவான்."

"அருமை" என்றார் சிவராமன்.

முருகானந்தத்தை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நிலம் தனக்குத்தான் என்று நினைத்து அவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். எடை பார்த்தார்கள். மார்பை அளந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி நேரம் பார்த்தார்கள். பல்லைக்கூட எண்ணினார்கள். ஒட்டன்சத்திரம் சந்தையில் மாடு வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள். பிறகு சிவராமன் எழுந்து அவனுக்கு மாலை போட்டார். ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

"இந்த அலுவலகம் தொடங்கின நாளிலிருந்து இவ்வளவு துல்லியமான பத்திரம் வெளியே போனதில்லை. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், அளவு மூன்றாமவர், மிச்சம் நான்காமவருக்கு. யாருக்கும் எதுவும் முழுசாக இல்லை. அதனால் யாருக்கும் ஏமாற்றமும் இல்லை. மக்கள் எங்களிடம் ஒரு பொருளோடு வருகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு அறிவைக் கொடுத்து அனுப்புகிறோம்."

பத்திரத்தின் நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது: மேற்படி முருகானந்தம் உயிரோடு இருக்கும் வரை.

வாசலில் நதியாவுக்கு விஷயம் தெரிந்தது. "என் ஆயுசயே எழுதியிருக்கலாம்லப்பா" என்றாள்.

"அப்படிச் சொல்லாத தாயி."

"அந்த அண்ணனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார் குழந்தைவேல். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவருக்கே காதில் விழுந்தது.

முருகானந்தத்துக்கும் விளங்க இரண்டு நாள் ஆனது. முதல் நாள் மாலையைத் தூக்கி எறிந்துவிட்டு ஊரெல்லாம் வைதான். இரண்டாம் நாள் யாரோ பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் சிரித்துக்கொண்டே காட்டு வரப்பில் வந்து குந்தினான்.

"சித்தப்பா, நான் செத்தா இது எம்புள்ளைகளுக்குத்தானே வருது?"

"ஏலே, வெள்ளனே வந்து ஏன்டா சாவப் பத்திப் பேசுற?"

"சும்மா கேட்டேன்." முருகானந்தம் இருமினான். "ராத்திரியெல்லாம் இந்த இருமல்தான். நாட்டுக்கோழி ரசம் வச்சுக் குடிச்சா கேக்குமாம். நம்ம வீட்டுல யாரு வச்சுத் தாரா?"

மத்தியானம் நதியா கோழி ரசத்தைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அந்தப் பூதத்துக்கு இவர்கள் வேளாவேளைக்குச் சோறும் போட வேண்டியதாயிற்று. முருகானந்தத்துக்குக் குளிரக் கூடாது, கம்பளி போனது. முருகானந்தம் வெயிலில் நிற்கக் கூடாது, அவன் காட்டுக் களையையும் நதியாவே எடுத்தாள். மழையில் பைக்கை முறுக்கிக்கொண்டு போவான். குழந்தைவேல் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். அவன் அதைப் பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போனான். டூரிஸ்டுகளுக்குப் போட்டோ எடுத்துக் கொடுக்கிறேன் என்று பாறை விளிம்பில் போய் நிற்பான். "ஏலே, இறங்குடா! சாமி, இறங்கி வாடா!" என்று குழந்தைவேல் கீழே இருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துவார். "நதியாவ நான் சொல்றபடி கேக்கச் சொல்லு சித்தப்பா, இறங்குறேன்" என்பான் அவன் மேலே இருந்து. தன் உயிரைத் தானே பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டிய கொள்ளைக்காரனை மேல்மலை அப்போதுதான் பார்த்தது.

இத்தனை வருஷமாக, "இவன் நல்லா இருப்பானா?" என்று கேட்ட வாயால், பூம்பாறை முருகன் சந்நிதியில் நின்று குழந்தைவேல் அவன் பேருக்கு அர்ச்சனை செய்தார். "ஆபரேஷன் ஒங்களுக்கில்ல? ஒங்க பேரச் சொல்லுங்க" என்றார் பூசாரி. "எம்பேரு கெடக்கு சாமி. முருகானந்தம், தீர்க்காயுசுன்னு நல்லாச் சத்தமாச் சொல்லுங்க" என்றார் இவர். சொல்லும்போது வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு வேண்டிக்கொண்டால் சாமி எடுத்துக்கொள்ளுமா என்று ஒரு பயம் வந்தது. திரும்பப் போய் இன்னொரு தடவை, வயிறு எரியாமல் வேண்டிக்கொள்ள முயன்று பார்த்தார். முடியவில்லை.

ஐப்பசியில் ஆபரேஷனுக்குக் கிளம்பவேண்டிய நாளில் முருகானந்தத்துக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்றாள் நதியா. "நெஞ்சு பொறுக்கும் தாயி. காய்ச்சல் பொறுக்காது. ஒன்னப் பெத்தவ காய்ச்சல்லதான போனா" என்று என்னென்னவோ குழறிவிட்டுக் குழந்தைவேல் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மதுரையில் அவருக்கு விட்டிருந்த படுக்கை வேறு யாருக்கோ போனது. அன்றைக்கு நதியா அடுப்படியில் குந்தி அழுதாள். அவர் அழவில்லை. அவருக்குப் பயம்தான் இருந்தது. பயத்தில் அழுகை வராது.

கடைசியாக ஒருமுறை சிவராமனிடம் போனார். தெரியாமச் செஞ்சிட்டேன், மாத்திக் குடுங்க என்று கும்பிட்டார்.

"பத்திரத்துல தப்பு இருந்தாத் திருத்தலாம் பெரியவரே. இதுல தப்பே இல்லை. அதுதான் சிக்கல்."

"நதியா ஆயுசயே எழுதிக்கிருங்க அய்யா. நான் ஒத்துக்கிர்றேன்." இருபத்தைந்து வருஷம் வாய்விட்டுச் சொல்லாமல் காத்த ஆயுசை அந்த மேசை முன்னால் சொல்லிவிட்டார்.

"ஒரு ஆயுள் நடந்துக்கிட்டு இருக்கும்போது இன்னொரு ஆயுளை எப்படி ஏத்துறது? அது முடியணும். அதுக்குப் பிறகு நீங்க தாராளமா வந்து புது ஆயுள் ஏத்தலாம்."

"அவன் போய்ட்டா நெலமே போயிருமேங்க!"

"ஆமா" என்று ஒத்துக்கொண்டார் சிவராமன். "சட்டத்துல அது ஒரு அழகு." பிறகு குரலை இறக்கி, தன் சொந்த அக்கறையில் சொல்வதுபோல, "அளவு ஆயுளை நல்லாப் பாத்துக்குங்க. வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து காட்டணும். காயம், வீக்கம் எதுவும் இல்லாம இருக்கணும்" என்றார்.

கார்த்திகையில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் குழந்தைவேல் காட்டில் மூச்சு வாங்கி விழுந்தார். நதியா கத்தின கத்தில் பக்கத்துக் காட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸ் மலை ஏறி வந்து சேர்வதற்குள் அவள் உயிர் போய் உயிர் வந்தது. ஆம்புலன்ஸில் விஜயராணி என்ற நர்ஸ் இருந்தாள். குழந்தைவேல் மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்ததும் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. "கொடைக்கானல் போய்ட்டா சமாளிச்சிரலாம்" என்றாள். நதியா அப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

பூம்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி நின்றது. சாலையோரம் நாலு பேர் கையை ஆட்டினார்கள். சேற்றில் ஒரு பைக் கிடந்தது. அதன் கண்ணாடியில் ஹெல்மெட் அப்படியே மாட்டியிருந்தது. பைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி முருகானந்தம் கிடந்தான். மண்டையிலும் தொடையிலும் ரத்தம். நினைவு இல்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

அடுத்த ஆம்புலன்ஸ் எப்போது வருமோ தெரியாது. தூக்கி ஏற்றினார்கள். குழந்தைவேலை நதியா மேல் சாய்த்து உட்காரவைத்துவிட்டு அவனைப் படுக்கவைத்தார்கள். விஜயராணி தொடையில் துணியை அழுத்திக்கொண்டே இன்னொரு சிலிண்டரைத் திருகினாள். அது காலி. நிரப்பக் கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள்.

"ஆக்சிஜன் ஒண்ணுதான் இருக்கு" என்றாள். முருகானந்தத்தின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் இவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

குழந்தைவேல் மாஸ்க்கைக் கழற்றினார். நதியாவுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள், குனிந்து, அதை முருகானந்தத்தின் மூக்கில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயராணி எத்தனையோ சாவைப் பார்த்தவள்தான், இப்படி ஒரு பாசத்தைப் பார்த்ததில்லை. "ஒங்க மகனாங்க ஐயா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி" என்றார் குழந்தைவேல். மூச்சை எட்டிப் பிடித்து மிச்சத்தையும் சொன்னார். "அது எங்க நெலம்."

பேச்சு புரளுகிறது என்று விஜயராணி நினைத்துக்கொண்டாள். "வெரசாப் போங்கண்ணே!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்திவிட்டு மறுபடி தொடை ரத்தத்தை அழுத்தப் போனாள்.

நதியாவுக்குப் புரிந்தது. "எனக்கு நெலமும் வேணாம் ஒரு எழவும் வேணாம்ப்பா. நீ இருப்பா" என்று மாஸ்க்கைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்தாள். அவர் தலையை ஆட்டித் தள்ளினார். மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளினார். பேச அவரிடம் காற்று இல்லை. அவள் கையைப் பிடித்து, மாஸ்க்கோடு சேர்த்து, முருகானந்தத்தின் முகத்தில் கொண்டுபோய் வைத்தார். எடுக்காதே என்பதுபோல் அந்தக் கைமேல் இரண்டு தடவை தட்டினார். பிறகு அவள் தோளில் சாய்ந்துகொண்டார்.

அதற்கு மேல் அவள் பிடுங்கவில்லை. அப்பா சொல்லி அவள் எதையும் தட்டியதில்லை. ஒரு கையால் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால், உலகத்தில் தான் யாரை அதிகம் வெறுத்தாளோ அவனுக்குக் காற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பூம்பாறை தாண்டி வண்டி வளைவுகளில் ஏறும்போது, அணைத்திருந்த கை கனத்தது. அவள் இன்னொரு கையை எடுக்கவில்லை.